பதின்மூன்று மார்க் அஜைல்

தென்காசிப் பக்கம் சமீப ஆண்டுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பிள்ளைகளிடம் அஜைல் என்றால் என்ன என்று கேட்டால் பலருக்கு ஒரு படம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பிளானிங், டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று நாலு பெயர் வட்டமாகச் சுற்றி வரும். ஓர் அம்புக்குறி அதிலிருந்து பிரிந்து ‘ரிலீஸ்’ என்று போய் நிற்கும். ரோஜர் பிரெஸ்மன் புத்தகத்தில் இருக்கிற எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் படம் அது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் நாலாம் செமஸ்டருக்கு சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. அதன் முதல் யூனிட்டின் கடைசியில், புராசஸ் மாடல்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு, அஜைலும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கும் வந்தன. பார்ட்-பி கேள்வி ஒன்றுக்கு 13 மார்க். படம் போட்டு, பாகம் குறித்து, ஒன்றரைப் பக்கம் எழுதினால் பாஸ் ஆகிவிடலாம்.

தனியாக உட்கார்ந்து, பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் எழுதவேண்டும். அஜைல், மென்பொருளைக் கூடிச் செய்கிற முறை. அதைப் பற்றிய கேள்விக்கு இப்படித்தான் பதில் எழுதியாக வேண்டியிருக்கிறது. இந்த வேடிக்கை எப்படி வந்தது என்று தெரிய, அஜைல் பிறந்த கதைக்கும் அது வகுப்பறைக்குள் வந்த கதைக்கும் போகவேண்டும். இரண்டும் வேறு வேறு கதைகள். இரண்டாவதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலையூரில் நேட்டோ ஒரு மாநாடு கூட்டியது. பெரிய புரோகிராம்கள் எல்லாமே தாமதமாகின்றன, பட்ஜெட்டை மீறுகின்றன, முடித்த பிறகும் தப்பாக வேலை செய்கின்றன என்பதுதான் அங்கே எல்லாருக்கும் இருந்த கவலை. பாலம் கட்டுகிற மாதிரி மென்பொருளையும் முறைப்படி கட்டவேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பட்டது. ‘சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்’ என்ற பெயர் அந்த மாநாட்டின் தலைப்பாகத்தான் ஊர் உலகத்துக்குத் தெரிய வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1970-ல், வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். தேவைகளைச் சேகரிப்பது, ஆராய்வது, வடிவமைப்பது, எழுதுவது, சோதிப்பது என்று ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் படிக்கட்டு போல ஒரு படம் வரைந்திருந்தார். பிற்பாடு அதற்கு வாட்டர்ஃபால் மாடல் என்று பெயர் வந்தது. குற்றாலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: விழுந்த தண்ணீர் மேலே ஏறாது.

ராய்ஸ் அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே நேராகச் செய்தால் ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார். சோதனை கடைசியில் வருவதால், பிழை தெரியவரும்போது முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும் என்பது அவர் வாதம். படத்தை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையைக் கட்டுரையிலேயே விட்டுவிட்டது. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு எந்த ஊரிலும் படம்தான் வசதி.

படம் பரவிக்கொண்டிருந்த அதே 70-களில், டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னிங், டேவிட் வோர்ட்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் வகுப்பையே ஒரு விளையாட்டாக மாற்றிப் பார்த்தார்கள். ‘சாஃப்ட்வேர் ஹட்’ என்று பெயர். மாணவர்கள் சிறு சிறு குழுவாகப் பிரிந்து ஒவ்வொரு பகுதியாக எழுதவேண்டும். எழுதியதை மற்றக் குழுவுக்கு விற்கவேண்டும். வாங்கிய குழு அதைத் தன் வேலையோடு பொருத்தி ஓட்டிக் காட்டவேண்டும். அடுத்தவன் எழுதிய புரோகிராமைப் படித்துப் புரிந்துகொண்டு திருத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்று அங்கேதான் மாணவர்களுக்கு உறைத்தது. 1977-ல் இருவரும் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பின்னால் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனது. அங்கே மாணவர்களின் குழுக்கள் நிஜமான உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்து தருகின்றன. ஒரே வாடிக்கையாளருக்காகப் பல குழுக்கள் போட்டி போடும். அவருக்குப் பிடித்ததை அவர் எடுத்துக்கொள்வார். அஜைல் என்ற பெயரே இல்லாத காலத்தில், வாடிக்கையாளரை வகுப்பறைக்குள் கொண்டுவரும் எண்ணம் இப்படி முளைத்துவிட்டது.

அஜைலின் சொந்தக் கதை ஒரு சம்பளப் பட்டியலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் கம்பெனிக்கு ஏறத்தாழ 87,000 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் சம்பளம் போடுகிற பழைய புரோகிராம்களை எடுத்துவிட்டு ஒரே புது அமைப்பு செய்யும் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1996-ல் கென்ட் பெக் என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் ரான் ஜெஃப்ரீஸையும் கூட்டிக்கொண்டு, வேலை செய்கிற முறையையே மாற்றினார். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். புரோகிராமுக்கு முன்னால் டெஸ்ட். சில வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற ஒரு பகுதி. முக்கியமாக, சம்பளக் கணக்கு தெரிந்த ஆள் ஒருவர் அதே அறையில், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லும் தூரத்தில் இருக்கவேண்டும். 1997-ல் சுமார் 10,000 பேருக்கு அந்த அமைப்பு சம்பளம் போடத் தொடங்கியது. அதற்குமேல் பெரிதாக வளரவில்லை. கிரைஸ்லர் டைம்லருடன் இணைந்த பிறகு, 2000 பிப்ரவரியில், நிறுத்திவிட்டார்கள். அதற்குள், 1999-லேயே, பெக்கின் புத்தகம் வந்து, இந்த முறை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றுவிட்டது. நாம் படம் போட்டு மார்க் வாங்குகிற முறை, பாதியில் நின்ற ஒரு வேலையில் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் கொஞ்சம் அடக்கத்தோடு படிப்போம் என்று தோன்றுகிறது.

அஜைலின் இன்னொரு முறையான ஸ்க்ரம் வந்த வழி வேறு. 1986-ல் ஹிரோடகா தாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹோண்டா, கேனான், ஃபியூஜி-ஜெராக்ஸ் போன்ற கம்பெனிகளில் புதுப் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று எழுதினார்கள். கார், கேமரா, நகல் எடுக்கும் இயந்திரம். மென்பொருளே அதில் இல்லை. ரக்பி ஆட்டக்காரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்தபடி மொத்தமாக முன்னேறுவதைப் போல அந்தக் குழுக்கள் வேலை செய்கின்றன என்றார்கள். ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் அதை எடுத்து மென்பொருளுக்குப் பொருத்தி 1995-ல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள்.

இப்படித் தனித்தனியாக இருந்த ஆட்கள் 17 பேர், 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் கூடினார்கள். நாலு மதிப்பீடுகள் எழுதினார்கள்; அவற்றின் பின்னால் பன்னிரண்டு கொள்கைகள். அஜைல் என்ற பெயர் அந்தக் கூட்டத்தில் வைத்ததுதான். அந்தப் பன்னிரண்டில் இரண்டைச் சொல்லவேண்டும். தொழில் தெரிந்தவரும் மென்பொருள் எழுதுபவரும் தினமும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். செய்தி சொல்ல முகம் பார்த்துப் பேசுவதைவிடச் சிறந்த வழி இல்லை. இந்த இரண்டும் பின்னால் வரும்.

பல்கலைக்கழகம் இதில் எங்கே நுழைந்தது என்றால், அதே யூட்டாவில், ஸ்னோபேர்ட் கூட்டத்துக்கும் முன்னால். 1999-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் என்ற ஆய்வு மாணவி, இரண்டு பேர் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டரில் எழுதினால் நேரம் வீண்தானே என்ற கேள்வியைச் சோதித்தார். மேல்வகுப்பு மாணவர்கள் 41 பேர். 13 பேர் தனியாக. மிச்சம் 28 பேர் ஜோடி ஜோடியாக. ஜோடிகள் செலவழித்த மொத்த நேரம் தனியாட்களைவிடச் சுமார் 15 சதவீதம் கூடியது. பிழைகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. இரண்டு ஆள் என்றால் இரண்டு மடங்கு நேரம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது அதிர்ச்சி. எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. அதுவரை ‘பார்த்து எழுதுவது’ என்று தண்டிக்கப்பட்ட காரியம் ஒரு கல்வி முறையாக அளந்து பார்க்கப்பட்டது.

பத்து வருஷம் கழித்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆர்மாண்டோ ஃபாக்ஸும் டேவிட் பேட்டர்சனும் தங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளிடம், நாங்கள் என்ன சொல்லித்தரவில்லை என்று நேராகவே கேட்டார்கள். விளக்கம் எழுதப்படாத பழைய கோடைப் பார்த்துத் திருத்தத் தெரியவில்லை, டெஸ்டிங்கை மதிப்பதில்லை, கம்ப்யூட்டர் தெரியாத வாடிக்கையாளரோடு பேசத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அவர்கள் பாடத்தையே மாற்றினார்கள். நாலிலிருந்து ஆறு பேர் கொண்ட குழு, இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, தொண்டு நிறுவனம் போன்ற நிஜ வாடிக்கையாளர். அதே பாடம் 2012-ல் இணையவழி இலவச வகுப்பாகவும் வந்தது.

நம் ஊருக்கு இது வந்த விதம் தலைகீழ். 90-களில் இந்தியக் கம்பெனிகளின் பிழைப்பு வெளிநாட்டு வேலையில் இருந்தது. அங்கே தேவைகளை எழுதி அனுப்புவார்கள், இங்கே செய்து அனுப்பவேண்டும். வாடிக்கையாளர் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தார். அவர் விழித்திருக்கும்போது நாம் தூங்கினோம். எழுதிய ஆவணம்தான் அவருக்குப் பதிலாக மேஜையில் இருந்தது. படிப்படியாக இறங்கும் முறையும், முறைப்படி வேலை நடக்கிறது என்று காட்டும் சி.எம்.எம். ஐந்தாம் நிலைச் சான்றும் அந்தத் தொழிலுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. 2001-ல் தாட்வொர்க்ஸ் என்ற கம்பெனி பெங்களூரில் இறங்கி, கடல் கடந்தும் அஜைல் முறையில் வேலை செய்ய முடியுமா என்று பார்த்தது. பெரிய கம்பெனிகள் மெதுவாகப் பின்னால் வந்தன. வேலைக்கு எடுப்பவர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு சிலபஸில் ஏறியது. அப்படி ஏறும்போது, அஜைலுக்கு உயிரான வாடிக்கையாளரைக் கூடவே ஏற்றவில்லை.

இனி இதைச் சிவகிரியிலிருந்து பார்க்கலாம். நான் சொல்வது ஜமீன் சிவகிரி. ஈரோட்டுப் பக்கமும் ஒரு சிவகிரி இருப்பதால் எப்போதும் விளக்கவேண்டியிருக்கிறது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவில் இருப்பது. ஊரிலிருந்து தெற்கே வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குப் போய், இன்னும் கொஞ்சம் போனால் மத்தளம்பாறை. தமிழ்நாட்டில் கூடி மென்பொருள் செய்யக் கற்றுக்கொள்வது என்று பேசினால் அந்தக் கிராமத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996-ல் அட்வெண்ட்நெட் என்று தொடங்கி, 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி, 2004-05 வாக்கில் சென்னையில் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. பொறியியல் பட்டதாரிகளைத் தேடிக் கல்லூரிகளுக்குப் போகாமல், பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த ஆறு பேரைச் சேர்த்து, கம்பெனிக்குள்ளேயே ஒரு வகுப்பு நடத்தியது. ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கணக்கு, ஆங்கிலம், புரோகிராமிங். கல்லூரி மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று தங்கள் ஊழியர்களைப் பார்த்தே முடிவுக்கு வந்ததாக ஸ்ரீதர் வேம்பு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த வகுப்பு அன்று ‘யுனிவர்சிட்டி’ என்று அழைக்கப்பட்டது. இன்று ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங். படித்து வெளியே வந்தவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பட்டம் தருவதில்லை.

2011-ல் அதே கம்பெனி தென்காசிப் பக்கம் ஓர் அலுவலகம் திறந்தது. அது மத்தளம்பாறையில் வளர்ந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஸோஹோ டெஸ்க் 2016-ல் வெளிவந்தபோது, அதை உருவாக்கிய வேலையின் பெரும்பகுதி இங்கே நடந்திருந்தது. பள்ளியும் தென்காசிக்கு வந்தது. 2019-ல் ஸ்ரீதர் வேம்புவும் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானதும் அதே வருஷம் நவம்பரில்தான்.

அஜைல் சொல்லித்தருவதற்காக அந்தப் பள்ளி தொடங்கப்படவில்லை. அப்படி ஒரு பலகையும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். படிப்பு ஏறக்குறைய இரண்டு வருஷம். அதில் பின்பாதி, நிஜப் பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் குழுவோடு. எழுதியது யாரோ ஒரு வாடிக்கையாளரின் திரையில் ஓடும். தப்பாக ஓடினால் திரும்பி வரும். டொரண்டோ விளையாட்டாகச் செய்ததையும், பெர்க்லி தொண்டு நிறுவனங்களை அழைத்து வந்து செய்ததையும், இவர்கள் வகுப்பைக் கொண்டுபோய்த் தொழிலுக்குள் வைத்துச் செய்துவிட்டார்கள். அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு எவ்வளவு ஆள் வேண்டுமோ அவ்வளவு பேரைத்தான் அது சேர்க்கும். சிவகிரியிலிருந்து காலையில் காலேஜ் பஸ் ஏறுகிற எல்லாருக்கும் அங்கே இடம் இல்லை.

அவர்களுக்குக் கிடைப்பது கடைசி வருஷ ப்ராஜெக்ட். மூணு பேர், நாலு பேர் சேர்ந்து ஒரு டீம். ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னால் டைட்டில் பிடிக்கவேண்டும், பேஸ் பேப்பர் காட்டவேண்டும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இதற்காகவே இருக்கின்றன. டைட்டில் பட்டியல் அச்சடித்து வைத்திருக்கும். பணம் கட்டினால் கோடு, ரிப்போர்ட், வைவாவுக்குச் சொல்லவேண்டிய பதில்கள் எல்லாம் சேர்த்து வாங்கலாம். பிள்ளைகளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எக்ஸ்டெர்னல் வந்து அரை மணி நேரம் பார்ப்பதற்காக மட்டும் செய்யப்படும் ஒன்றை, அந்த அரை மணி நேரத்துக்கு ஏற்ற விலைக்கு வாங்குகிறார்கள். அது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டப்படக்கூடிய ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு கமிஷன் கடைக்கு நாலு பேர் கணக்கு மென்பொருள் செய்யப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரத்தில் மூட்டை, எடை, விலை, கமிஷன் பதிந்து சீட்டு அடிக்கிற அளவுக்கு ஒன்றைச் செய்து கொண்டுபோகிறார்கள். கலர் கலராக வரைபடம் வேறு. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான் தம்பி. போன மாசம் வெவசாயிக்கு அட்வான்ஸ் கொடுத்தேனே, அது எங்க கழியுது?” என்பார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அட்வான்ஸ் என்ற சமாச்சாரமே அவர்கள் வரைந்த டேபிளில் கிடையாது. “அண்ணாச்சி, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று ஒருவன் கேட்பான். “நீ கேக்கலயேப்பா” என்பார். அடுத்த இரண்டு வாரத்துக்கு வரைபடம் போய் அட்வான்ஸ் வரும். வரத்து கூடிய நாளில், ஆள்கள் சுற்றி நின்று அவசரப்படுத்தும்போது, சீட்டு அடிக்க எத்தனை கிளிக் ஆகிறது என்ற பிரச்சினை அதற்கடுத்த சுற்றில் கிளம்பும். கூலியையும் வண்டி வாடகையையும் யார் பேரில் எழுதுவது என்பது அதற்கும் அடுத்து. பன்னிரண்டு கொள்கைகளை மனப்பாடம் செய்யாமலே மூன்று மாதத்தில் அவற்றில் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். ப்ராஜெக்ட் சென்டர் பட்டியலில் இந்த டைட்டில் இருக்காது. இருந்தாலும் இந்த அண்ணாச்சிக்கு ஒத்துவராது.

ஸ்டாண்ட்-அப் என்று தினமும் நின்றபடி பேசுகிற சின்னக் கூட்டத்தையும் கல்லூரியில் நடத்திப் பார்க்கலாம். நேற்று என்ன முடித்தாய், இன்றைக்கு என்ன செய்யப்போகிறாய், எங்கே மாட்டிக்கொண்டாய் என்ற மூன்று கேள்விதான். ஆங்கிலத்தில் கேட்டால் முதல் இரண்டுக்கும் தயார் செய்த வாக்கியம் வரும், மூன்றாவதுக்கு மௌனம்தான். தமிழில் கேட்டால் “ஏலே, லாகினே ஓடல” என்று பட்டென்று வந்துவிடும், பக்கத்தில் நிற்பவன் காரணமும் சொல்லிவிடுவான். கூட்டமே அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் என்பதால், அதை ஆங்கிலத்தில் நடத்தவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். ப்ளேஸ்மெண்ட் ஆங்கிலத்துக்கு வேறு வகுப்பு இருக்கிறது.

மார்க் ஒரு சிக்கல். நாலு பேரில் ஒருவன் எல்லாம் எழுதுவான், ஒருத்தி ரிப்போர்ட் டைப் செய்வாள், இரண்டு பேர் ரிவ்யூ அன்றைக்கு மட்டும் ஃபார்மல்ஸில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவர் செய்த மாற்றத்தையும் தேதியோடு காட்டும் கிட் போன்ற கருவியைப் பழக்கினால் யார் எழுதியது என்று கைடுக்கே தெரியும். குழுவினர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் வழக்கமும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. நம் பிள்ளைகள் சிநேகத்துக்காக எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போடுவார்கள் என்று ஆசிரியர்கள் சிரிப்பார்கள். முதல் தடவை அப்படித்தான் நடக்கும்.

மார்க்கைவிடப் பெரிய சிக்கல் பஸ். அஜைல் பிறந்த இடங்களில் எல்லாரும் ஓர் அறையில் இருந்தார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலோர் டே ஸ்காலர். கடைசி பெல் அடித்ததும் சிவகிரிக்காரன் ஒரு பஸ், சங்கரன்கோவில்காரி ஒரு பஸ், ஆலங்குளத்துக்காரன் இன்னொரு பஸ் என்று டீம் நாலு திசைக்குப் பிரிந்துவிடும். பஸ்ஸை விட்டால் வீட்டில் பதில் சொல்லவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடினம். பிறகு எல்லாம் வாட்ஸ்ஆப் குரூப்பில், குரல் செய்தியாக. முகம் பார்த்துப் பேசும் கொள்கை அங்கேயே அடிபடுகிறது. ப்ராஜெக்ட் அவர் என்று டைம்டேபிளில் இருப்பதோ, சிலபஸ் முடிக்காத பேப்பருக்குப் பெரும்பாலும் தாரை வார்க்கப்படும். வாரத்தில் இரண்டு நாள் மதியம், சேர்ந்தாற்போல மூன்று பீரியட், லேப் சாவியோடு, அந்த நாலு பேருக்கு ஒதுக்க ஹெச்.ஓ.டி. ஒருவரால் முடியும். பல்கலைக்கழக அனுமதி கேட்கவேண்டிய காரியம் இல்லை. புளியங்குடிக்குப் போகிற அன்றைக்கு மட்டும் ஓ.டி. (ஆன் டூட்டி) எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும்.